பின்வரிசைக் குரல்

பலர் கூடி நின்று ஒரு குரலாக ஒலித்தல் ஒரு கலை. ஒருவர் தனித்து நின்று அவை முழுவதையும் தம் குரலால் கட்டுப்படுத்துதல் மற்றொரு கலை. இரண்டும் பாட்டே ஆயினும் இரண்டும் வேண்டும் பண்புகள் வேறு. குழுவில் நிற்பவன் தன் குரலை அடுத்தவன் குரலில் கரைத்துவிட வேண்டும். அவன் பாடினான் என்பதே பிறர்க்குத் தெரிதல் ஆகாது. தனித்துப் பாடுபவனோ தன் குரலின் தனித்தன்மையையே முதலாகக் கொண்டு நிற்பவன். முன்னதில் நெடுங்காலம் பழகியவர் பின்னதில் புகுந்து வெற்றி காணுதல் எளிதன்று. அவ்வாறு வெற்றி கண்ட ஆங்கிலேயர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவர் பெயர் ஆல்பிரட் டெல்லர். அவர் குரலோ, ஆடவர் குரலாக இருந்தும் மகளிர் குரலின் உயரத்தில் ஒலிப்பது. அக்குரலை உடையாரை மேல்நாட்டார் 'கவுண்டர் டெனர்' என்பர்.

இச்சொல்லின் வரலாறு சுவையுடையது. இடைக்கால ஐரோப்பாவில் திருக்கோயிற் பாட்டில் மூல மெட்டை நீட்டிப் பிடித்துப் பாடிய குரலுக்கு 'டெனர்' என்று பெயர். பிடித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்த சொல் அது. அதற்கு மாறாக, அதனோடு இழைந்து செல்லும்படி அமைக்கப்பட்ட மற்றொரு பகுதி 'கான்ட்ரா டெனர்' எனப்பட்டது. பின்னர் அஃது இரண்டாகப் பிரிந்து, உயர்ந்து ஒலிப்பது 'ஆல்ட்டஸ்' என்றும், தாழ்ந்து ஒலிப்பது 'பாசஸ்' என்றும் வழங்கின. இன்று ஆல்டோ, பாஸ் என்று நாம் கேட்கும் சொற்கள் இவற்றின் வழிவந்தவையே. ஆக, கவுண்டர் டெனர் என்பது முதலில் ஒரு மனிதரின் பெயரன்று. பாட்டின் ஒரு பகுதிக்கு இட்ட பெயர். அப்பகுதியைப் பாடியவரைப் பின்னர் அப்பெயராலேயே அழைத்தனர். இலக்கணத்தில் இதனை ஆகுபெயர் என்று படித்திருக்கிறீர்கள்.

ஆடவர் ஒருவர் மகளிர் உயரத்தில் பாடுதல் எவ்வாறு இயலும்? நம் நாட்டு இசைவாணர் பொதுவாக ஆடவர் குரலை ஒரு கட்டை என்றும், மகளிர் குரலை ஐந்து கட்டை என்றும் கணக்கிடுவர். சிறுவனின் குரல் மகளிர் குரலை ஒத்தே இருக்கும். பதின்மூன்று, பதினான்கு வயதளவில் அவன் குரல்வளை வளர்கிறது. அதனுள் இருக்கும் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. தடித்த நரம்பு தாழ்ந்த ஒலி தருதல் வீணையிலும் காண்பது. இதனையே குரல் உடைதல் என்கிறோம். எனினும் அவ்வாறு தடித்த நாண்களை இழுத்து மெல்லியவாக்கி, அவற்றின் ஓரங்கள் மட்டும் அதிரும்படி செய்தால் மீண்டும் உயர்ந்த ஒலி பிறக்கும். ஏறக்குறைய எல்லா ஆடவர்க்கும் இது கைகூடும். வேடிக்கையாகப் பெண்குரலில் பேசிக் காட்டுவார் செய்வதும் இதுவே. ஆனால் அவ்வொலி பெரும்பாலும் மூச்சுக் கலந்தும் வலுவின்றியும் இருக்கும். அதனை ஒழுங்குபடுத்தி, மேலும் கீழும் முறிவின்றி இயங்கச் செய்து, சொற்கள் தெளிவாகக் கேட்கும்படி பாடுதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும்.

மேல்நாட்டார் இவ்வொலியைப் 'பொய்க்குரல்' என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். நம்மவரும் 'கள்ளத்தொண்டை' என்று இகழ்ந்து கூறுவர். இரண்டு பெயரும் பொருத்தமற்றவை என்பது என் கருத்து. அதே நாண்கள், அதே மூச்சு. மனிதன் காலூன்றி நடத்தலும் நுனிக்காலால் நடத்தலும் இரண்டும் நடையே அல்லவா? நுனிக்கால் நடையைப் பொய்நடை என்று எவரும் சொல்வதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஐரோப்பாவில், சிறப்பாக இத்தாலியில், சிறுவரின் உயர்குரல் மாறாதிருக்கும் பொருட்டு அவர்களை ஊனப்படுத்திய கொடிய வழக்கம் ஒன்று சில நூற்றாண்டுகள் நிலவியது. அவ்வாறு பாடியவருள் இசைத்தட்டில் குரல் பதிந்த ஒருவர் 1922ஆம் ஆண்டில் இறந்தார். அவருடன் அவ்வழக்கத்தின் கடைசி நினைவும் நீங்கியது. கவுண்டர் டெனர்க்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அறியாதார் இரண்டையும் ஒன்றாக்கி நகைத்தனர். அந்நகைப்பைத் தாங்க வேண்டியவராகவே டெல்லர் அவை ஏறினார்.

இங்கிலாந்தில் இக்குரல் எங்கே வாழ்ந்தது என்பதை அறிந்தாலன்றி அவர் வரலாறு விளங்காது. அந்நாட்டுப் பேராலயங்களில் நாள்தோறும் மாலையில் பாட்டோடு கூடிய வழிபாடு நடைபெறும். பாடுவோர் இரு பக்கத்தும் எதிரெதிராக நிற்பர். முன்வரிசையில் சிறுவர், பின்வரிசையில் ஆடவர். சங்கீதப் பாக்களை ஒரு பக்கத்தார் பாட மறுபக்கத்தார் விடையிறுப்பது போலத் தொடர்வர். 1662ஆம் ஆண்டு வழிபாட்டு நூலின் முறைப்படி நூற்றைம்பது சங்கீதங்களும் முப்பது நாளில் பாடி முடிக்கப்படும். அடுத்த திங்களில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பெண்கள் இக்குழுக்களில் சேர்க்கப்படாமையால், மேல்பகுதியைச் சிறுவரும், அதற்கடுத்த ஆல்டோ பகுதியை உயர்குரல் எடுத்துப் பாடும் ஆடவரும் பாடினர்.

பதினேழாம் நூற்றாண்டில் ஹென்றி பர்செல் (1659-1695) என்னும் பேரிசைவாணர் வாழ்ந்த காலத்தில் கவுண்டர் டெனர்களுக்குத் தனிப்பாட்டிலும் பெருஞ்சிறப்பு இருந்தது. அரண்மனை விழாக்களுக்கும் நாடகங்களுக்கும் அவர் இயற்றிய பாடல்களுள் பல இக்குரலுக்கென்றே அமைந்தவை. காலம் செல்லச்செல்ல அச்சிறப்பு மறைந்தது. மேடைகளில் மகளிர் ஆல்டோக்களும் உரத்த குரலுடைய டெனர்களும் இடம்பெற்றனர். உயர்குரல் ஆடவரோ பேராலயத்தின் பின்வரிசையோடு நின்றுவிட்டனர். அங்கே அவர்களுக்குப் பெயரும் இல்லை, கைதட்டலும் இல்லை, பெரிய ஊதியமும் இல்லை. எனினும் இக்குரலைப் பாடும் முறை இடையறாது ஒருவரிடமிருந்து ஒருவர்க்குச் சென்றுகொண்டே இருந்தது. மேடையில் மறைந்த கலை ஆலயத்தில் பிழைத்துக் கிடந்தது என்க.

டெல்லர் 1912ஆம் ஆண்டு மே திங்கள் 31ஆம் நாள் கென்ட் மாவட்டத்தில் மார்கேட் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். செல்வக் குடும்பம் அன்று. உள்ளூர் ஆலயத்தின் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து பாடினார். குரல் உடையும் பருவம் வந்தபோது, பிற சிறுவர்கள் பாட்டை நிறுத்துவர், அல்லது தாழ்ந்த குரலுக்கு மாறுவர். டெல்லரோ பேசும் குரல் தாழ்ந்த பின்னும் உயர்குரலிலேயே பாடிவந்தார். இசைக் கல்லூரி எதிலும் அவர் பயிலவில்லை. குரற்பயிற்சி பெரும்பாலும் தாமே தேடிக்கொண்டது. பிழைப்பிற்காக மரச்சாமான் விற்கும் கடையொன்றில் வேலை பார்த்தார். 1937இல் மணம் புரிந்தார். இளங்குடும்பத்தைத் தாங்கிக்கொண்டே ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாடிவந்த இவ்விளைஞர் பிற்காலத்தில் உலகம் அறிந்த பாடகராவார் என்று அன்று எவரும் கருதியிருக்க வழியில்லை.

1940ஆம் ஆண்டில் அவருக்குக் கான்டர்பரிப் பேராலயத்தின் குழுவில் ஊதியம் பெறும் ஆல்டோ பாடகராக இடம் கிடைத்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆலயம் அது. ஆனால் அது போர்க்காலம். மனச்சான்று இடந்தராமையால் படைக்கலம் எடுக்க மறுத்தவர் டெல்லர். அத்தகையோர்க்கு அரசு வேறு பணி இடும். அவருக்கு வாய்த்தது உழவுப் பணி. பண்ணை வேலையும் பேராலயப் பாட்டுமாக அவ்வாண்டுகள் கழிந்தன. 1942 ஜூன் முதல் நாள் விடியுமுன் செருமானிய வானூர்திகள் கான்டர்பரி நகரின்மீது குண்டு பொழிந்தன. நகரின் பெரும்பகுதி எரிந்தது. பேராலயத்தின் நூலகம் அழிந்தது. பேராலயம் மட்டும் நின்றது.

அப்பேராலயத்திற்குப் போர் முடியுமுன் மைக்கேல் டிப்பெட் என்னும் இசையமைப்பாளர் வந்தார். அவரும் படைப்பணியை மறுத்தவர். அதன் பொருட்டு 1943இல் சிறை சென்று மீண்டவர். லண்டனில் உழைப்பாளர் மாலை வேளையில் பயிலும் மார்லி கல்லூரியில் இசைத்துறைத் தலைவராக இருந்தார். 1940இல் குண்டு விழுந்து அக்கல்லூரிக் கட்டடத்தின் பெரும்பகுதி இடிந்த பின்னரும் ஆங்கே பழைய இசையைப் பாடச்செய்து வந்தவர் அவர். பர்செலின் பாடல்களை மீண்டும் அவையேற்ற வேண்டும் என்பது அவர் வேட்கை. அதற்கு ஓர் இடையூறு இருந்தது. பர்செல் எக்குரலை எண்ணி இயற்றினாரோ அக்குரலைத் தனிப்பாட்டு மேடையில் எங்கும் காணோம். பெண்ணைப் பாடச்செய்தால் ஒலியின் நிறம் வேறாகிறது. டெனரைப் பாடச்செய்தால் உயரம் எட்டவில்லை.

கான்டர்பரியில் டெல்லரின் குரலைக் கேட்டதும் டிப்பெட்டிற்குத் தாம் தேடியது கிடைத்துவிட்டது. டெல்லர் தம்மை ஆல்டோ என்றே எண்ணியிருந்தார். பேராலய வழக்கும் அதுவே. டிப்பெட் அப்பெயரை ஏற்காமல், பர்செல் காலத்துப் பெயராகிய கவுண்டர் டெனர் என்பதையே அவருக்கு இட்டார். பெயர் மாற்றம் சிறிது போலத் தோன்றும். ஆயின் ஆல்டோ என்றால் பின்வரிசையில் ஒருவர்; கவுண்டர் டெனர் என்றால் பர்செலின் அரண்மனைப் பாடகர் மரபில் வருபவர். ஒரு சொல்லால் ஒருவரது நிலை உயர்ந்தது.

1944இல் மார்லி கல்லூரி நிகழ்ச்சியில் டெல்லர் லண்டன் அவையோர்முன் தனித்துப் பாடினார். பின்னர் 1946 செப்டம்பர் 29ஆம் நாள் பி.பி.சி. வானொலி, உயர்ந்த இசைக்கும் இலக்கியத்திற்கும் என்றே தன் 'மூன்றாம் நிகழ்ச்சி' ஒலிபரப்பைத் தொடங்கியபோது, அத்தொடக்க நாளிலேயே பர்செல் மேரி அரசியின் பிறந்தநாளுக்கென 1694இல் இயற்றிய வாழ்த்திசையில் அவர் குரல் ஒலித்தது. வானொலியில் உருவம் தெரியாது. குரல் மட்டுமே கேட்கும். பெண்ணோ சிறுவனோ என்று ஐயுற்றவர் பலர் இருந்திருப்பர். நேரில் கண்டவர்க்கு வியப்பு இன்னும் மிகும். ஏனெனில் டெல்லர் நெடிய உருவினர். பிற்காலத்தில் தாடியும் வளர்த்தவர். மூன்று மக்களுக்குத் தந்தை. அவ்வுருவிலிருந்து அக்குரல் எழுவதைக் கண்ட சிலர் சிரித்தனர் என்பது உண்மை. அவர் அதனைப் பொருட்படுத்தாது பாடிவந்தார். சில ஆண்டுகளில் சிரிப்பு அடங்கியது.

1947ஆம் ஆண்டில் அவர் லண்டன் செயின்ட் பால் பேராலயக் குழுவிற்கு மாறினார். இது கருதத்தக்கது. தனிப்பாடகராகப் பெயர் பரவிக்கொண்டிருந்த அந்நாளிலும், இசைத்தட்டுகள் வெளிவரத் தொடங்கிய பின்னரும், பேராலயத்தின் பின்வரிசையை அவர் பல்லாண்டு விட்டு நீங்கவில்லை. ஊதியத்திற்காகவும் இருக்கலாம், குடும்பம் நடத்துவோர்க்கு நிலையான வருவாய் இன்றியமையாதது. ஆனால் அதனினும் பெரிய பயன் ஒன்று அவர் பாட்டில் தெரிகிறது. நாள்தோறும் சங்கீதம் பாடுபவனுக்குச் சொல்லே முதன்மை. தாளக்கட்டில் அடங்காத உரைநடை வரிகளைப் பேச்சின் ஏற்றத்தாழ்வு குன்றாமல், பலரோடு ஒன்றாக, ஒரே மூச்சில் சொல்லிச் செல்ல வேண்டும். எச்சொல்லை அழுத்துவது, எங்கே மூச்சை விடுவது, ஓர் ஒலியை எவ்வளவு மெல்லத் தொடங்குவது என்பவற்றை அப்பயிற்சி கற்பிக்கும். டெல்லர் தனித்துப் பாடிய பாடல்களைக் கேட்டால், குரலைக் காட்டும் நோக்கம் எங்கும் தெரியாது. சொல்லின் பொருளே முன்னிற்கும். ஓர் ஒலியை இன்மையிலிருந்து எழுவது போலத் தொடங்கி, வளர்த்து, மீண்டும் இன்மையில் ஒடுக்குவதில் அவர்க்கு நிகர் அக்காலத்தில் இல்லை.

ஜான் டௌலண்ட் (1563-1626) முதலியோர் லூட் என்னும் நரம்புக் கருவியோடு பாடுதற்கென இயற்றிய பாடல்களில் இத்திறம் சிறந்து விளங்கியது. லூட் மிக மெல்லிய ஒலியுடையது. உரத்த குரல் எழுந்தால் அக்கருவி கேளாது. குரலைக் கரைக்கப் பழகியவரே அதனோடு இணைந்து பாட முடியும். ஐம்பதாம் ஆண்டை ஒட்டி டெல்லர் தம் பெயரால் ஒரு சிறுகுழுவையும் அமைத்தார். ஒவ்வொரு பகுதிக்கும் பெரும்பாலும் ஒரே ஒருவர் பாடுவது அதன் முறை. பேராலயக் குழுவைப் போல ஒருவர் பிழையை மற்றவர் மறைக்க இயலாது. தனிப்பாட்டைப் போல மற்றவரை மறந்து பாடவும் இயலாது. இரண்டு கலைகளும் அங்கே ஒன்றையொன்று சோதித்தன. அவர் பணிகளுள் இதுவே உயர்ந்தது என்பேன். அக்குழுவில் பின்னர் அவர் மகன் மார்க் டெல்லரும் கவுண்டர் டெனராகச் சேர்ந்து பாடினார்.

அவருக்கு நேர்ந்த பெருஞ்சோதனை 1960இல் வந்தது. பெஞ்சமின் பிரிட்டன் என்னும் புகழ்மிக்க இசையமைப்பாளர், சேக்சுபியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தை இசைநாடகமாக்கினார். அதில் வரும் தேவதைகளின் அரசன் ஓபரான். மனிதரல்லாத அவ்வரசனின் குரல் மண்ணுலகக் குரலாக இருத்தல் கூடாது எனக் கருதிய பிரிட்டன், அப்பகுதியை டெல்லரின் குரலுக்கென்றே இயற்றினார். அதற்கேற்ப அது மிக உயரமாகச் செல்லாது. பின்னணிக் கருவிகளும் மெல்லியவை. ஜூன் 11ஆம் நாள் ஆல்ட்பரோ என்னும் சிற்றூரின் சிறிய அரங்கில் அது முதன்முதலாக அரங்கேறியது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு பேரிசையமைப்பாளர் இக்குரலுக்கென முதன்மைப் பாத்திரம் ஒன்றைப் படைத்தார் என்பது பெருமை. ஆனால் டெல்லர் நாடகமேடை பழகாதவர். ஆலயத்தில் அசையாது நின்று பாடிய உடல் அது. அவர் நடிப்பைத் திறனாய்வாளர் குறை கூறினர். அடுத்த ஆண்டில் லண்டன் கோவன்ட் கார்டன் என்னும் பேரரங்கில் அவ்விசைநாடகம் நடைபெற்றபோது ஓபரானாக வந்தவர் டெல்லர் அல்லர். ரசல் ஓபர்லின் என்னும் அமெரிக்கப் பாடகர்.

தமக்கென்று இயற்றப்பட்ட பாத்திரத்தைப் பிறர் ஏற்கக் காணுதல் எவர்க்கும் எளிதன்று. அரங்கத்தார் செய்ததில் ஓரளவு நியாயமும் உண்டு. பேரரங்கிற்குப் பெருங்குரலும் நடிப்பும் வேண்டும். டெல்லரிடம் இருந்தவை வேறு. ஆயினும் செய்தி அத்துடன் முடியவில்லை. 1966ஆம் ஆண்டில் பிரிட்டன் அவ்விசைநாடகம் முழுவதையும் இசைத்தட்டிற்காகத் தாமே நடத்திப் பதிவு செய்தார். ஓபரானாகப் பாட அவர் அழைத்தது டெல்லரையே. நடிப்புக்கு இடமில்லாத ஒலிவாங்கியின்முன் அக்குரல் தான் எதற்கெனப் படைக்கப்பட்டதோ அதனைச் செய்தது. இன்றும் அப்பதிவைக் கேட்கலாம்.

தம் கென்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஆலயங்களில் இசைவிழா ஒன்றைத் தொடங்கி ஆண்டுதோறும் நடத்தினார். 1970இல் அரசு அவருக்குச் சி.பி.இ. என்னும் சிறப்பை வழங்கியது. 1979 ஜூலை 16ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரில் காலமானார்.

அவருக்குப் பின் வந்தோர் பாதை எளிதாயிற்று. அவருள் முதல்வராகக் கூறத்தக்கவர் ஜேம்ஸ் போமன் (1941-2023). இவரும் ஈலி பேராலயத்தில் சிறுவனாகப் பாடி, ஆக்சுபோர்டில் கல்லூரி ஆலயக் குழுவில் வளர்ந்தவரே. ஆனால் இவர் குரல் பெரியது. மேடையில் நடிக்கவும் வல்லவர். ஓபரான் பாத்திரத்தைப் பேரரங்குகளில் நிலைநிறுத்தியவர் இவரே. 1973இல் பிரிட்டன் தம் கடைசி இசைநாடகத்தில் அப்போலோ தேவனின் பகுதியை இவர் குரலுக்கென இயற்றினார். உலகெங்கும் பாடிய போமன், அறுபதை ஒட்டிய வயதில் லண்டனில் அரச ஆலயக் குழுவில் மீண்டும் ஒருவராகச் சேர்ந்து, ஞாயிறு வழிபாடுகளில் ஆல்டோ பகுதி பாடினார்.

பேராலயக் குழுக்களும் இப்போது முன்போல இல்லை. கான்டர்பரியில் 2014ஆம் ஆண்டில் சிறுமியர் குழு ஒன்று பாடத் தொடங்கியது. செயின்ட் பால் பேராலயம் 2017இல் தன் நிலையான பாடகருள் ஒருவராக முதன்முறையாக ஒரு பெண்மணியை அமர்த்தியது. பின்வரிசையில் அவர் பாட வந்தது, முன்பு டெல்லர் பாடிய அதே ஆல்டோ பகுதியாகும்.